கேள்வியைக் கைவிடாத மனிதர்: சர் சி. வி. இராமன்



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28ஆம் நாளை நம் நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. 1987ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் இருந்து வருகிறது. அந்நாளையொட்டி நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளிலும் அறிவியல் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. பிள்ளைகள் அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்த மாதிரிகளை மேசைமேல் அடுக்கி வைக்கிறார்கள். ஒரு பக்கம் எரிமலை புகைகிறது, மறுபக்கம் காற்றாலை சுழல்கிறது. நாமும் சென்று பார்க்கிறோம், கைதட்டுகிறோம், பரிசு வழங்குகிறோம். மாலையானதும் எல்லாம் மூட்டை கட்டப்படுகிறது.

இந்த நாளுக்குக் காரணமான மனிதர் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், சர் சி. வி. இராமன் என்று உடனே சொல்வார்கள். இராமன் விளைவைக் கண்டுபிடித்தார், 1930இல் நோபல் பரிசு பெற்றார் என்றும் சொல்வார்கள். தேர்வில் மதிப்பெண் பெற இந்த விடை போதும். ஆனால் அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் பல ஆண்டுக் காலைப்பொழுதுகளும் மாலைப்பொழுதுகளும் இருக்கின்றன. அவற்றை நம் பிள்ளைகள் அறியாமல் போனால், அறிவியல் என்பது யாரோ ஒரு மேதைக்கு ஒரு நாள் திடீரென்று கிடைத்த பரிசு என்றே நினைத்துக்கொள்வார்கள். ஆகவே அவருடைய வாழ்வை இன்று சற்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்போம்.

அவர் நமக்குத் தொலைவானவரும் அல்லர். நம் புதுக்கோட்டையிலிருந்து பேருந்து ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய திருவானைக்காவல்தான் அவர் பிறந்த ஊர்.

வீட்டில் கிடைத்த விதை

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர். தாய் பார்வதி அம்மாள். செல்வம் நிறைந்த குடும்பம் இல்லை. ஆனால் வீட்டில் நூல்கள் இருந்தன. தந்தை வயலின் வாசிப்பார். சிறுவன் இராமனுக்கு ஏறக்குறைய நான்கு வயதானபோது, தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. அந்நகரில் கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் நடத்திய புனித அலோசியஸ் பள்ளியில்தான் இராமன் படித்தார். 11 வயதிலேயே மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அவருடைய இளமையில் மனத்தில் ஆழப் பதிந்த நூல்களில் இரண்டு நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று, யூக்ளிட் எழுதிய வடிவியல் நூல். ஒரு கூற்றைச் சொன்னால் மட்டும் போதாது, படிப்படியாக நிறுவ வேண்டும் என்ற ஒழுங்கை அது கற்றுக்கொடுத்தது. மற்றொன்று, ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலியைப் பற்றி எழுதிய நூல். காதுக்கு இனிமையாகக் கேட்கும் ஒன்றைக்கூட அளந்து, சோதித்து, புரிந்துகொள்ள முடியும் என்பதை அது காட்டியது. ஒரு கையில் வியப்பு, மறு கையில் ஒழுங்கு. இந்த இரண்டும் வாழ்நாள் முழுவதும் அவரோடு சேர்ந்தே நடந்தன.

பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904இல் இளங்கலைத் தேர்வில் முதல் மாணவராகத் தேறி, இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். இவ்வளவு திறமையுள்ள மாணவரை மேற்படிப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர்கள் விரும்பினார்கள். ஆனால் அவருடைய மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாசல் ஒன்று அடைபட்டது. இராமன் சோர்ந்துவிடவில்லை. அதே கல்லூரியில் முதுகலை படித்தார். அங்கிருந்த பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்புக்கு வா, போ என்று கட்டிப்போடாமல், ஆய்வகத்தில் விருப்பம்போல் வேலை செய்ய விட்டுவிட்டார். நல்ல ஆசிரியர் சில நேரங்களில் செய்யும் பேருதவி, மாணவரின் வழியில் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான்.

அக்காலத்தில் நடந்த சிறு நிகழ்வு ஒன்று. முப்பட்டகக் கண்ணாடி ஒன்றின் கோணத்தை அளப்பது எல்லா மாணவர்களும் செய்யும் வழக்கமான பயிற்சி. அளந்து, ஏட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. இராமனும் அளந்தார். அப்போது, ஒளி மிகவும் சாய்வாக விழும் நிலையில் தோன்றிய ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒன்றுபோல் இல்லாததைக் கவனித்தார். அந்தப் பயிற்சிக்கும் அந்தப் பட்டைகளுக்கும் தொடர்பே இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆயினும் ஏன் இப்படி என்ற கேள்வியை அவர் விடவில்லை. மீண்டும் மீண்டும் அளந்தார், கணக்கிட்டார், எழுதினார். 1906 நவம்பரில் அக்கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற அறிவியல் இதழில் அச்சானது. அப்போது அவருக்கு 18 வயது.

அலுவலகத்துக்கு முன்னும் பின்னும்

இந்தியாவில் அன்று அறிவியலைத் தொழிலாகக் கொண்டு வாழ்வது ஏறக்குறைய இயலாத காரியம். குடும்பத்துக்கு வருமானம் வேண்டும். ஆகவே இராமன் அரசின் நிதித்துறைத் தேர்வை எழுதி அதில் முதலிடம் பெற்றார். 1907இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பணியேற்றார். பெரிய பதவி, நல்ல சம்பளம், எல்லோரும் மதிக்கும் வாழ்க்கை. நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு இப்படி வேலை கிடைத்துவிட்டால் இனி என்ன குறை என்று சொல்வோம், அல்லவா?

இராமனுக்குக் குறை இருந்தது. ஒரு நாள் டிராம் வண்டியில் சென்றபோது, பௌபஜார் தெருவில் ஒரு கட்டடத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்பது அதன் பெயர். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல், இந்தியர் தங்கள் சொந்த முயற்சியால் அறிவியலை வளர்க்க வேண்டும் என்ற கனவோடு பொதுமக்களிடம் நன்கொடை திரட்டித் தொடங்கிய நிறுவனம் அது. கட்டடம் இருந்தது, கருவிகளும் ஓரளவு இருந்தன. ஆனால் அங்கே ஆய்வு செய்வோர் பெரும்பாலும் இல்லை. இராமன் கதவைத் தட்டினார். அனுமதி கிடைத்தது.

அன்று முதல் அவருடைய நாள் இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிந்தது. விடியற்காலையில் ஆய்வகம். பிறகு வீட்டுக்கு வந்து அவசரமாகக் குளித்து உண்டு அலுவலகம். மாலையில் அலுவலகம் முடிந்ததும் மீண்டும் ஆய்வகம். இரவு வெகுநேரம் கழித்து வீடு. ஞாயிறும் விடுமுறை நாள்களும் முழுக்க ஆய்வகம். இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. அங்கும் தம் வீட்டிலேயே சிறு இடத்தை ஒதுக்கிக் கொண்டு சோதனைகளைத் தொடர்ந்தார். 1911இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும் பழைய ஒழுங்கு மீண்டும் தொடங்கியது. இப்படி ஒரு நாள், ஒரு மாதம் அல்ல, பத்து ஆண்டுகள்!

அந்த ஆய்வகத்தில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஆசுதோஷ் தே என்ற உதவியாளர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். ஆனால் கைத்திறன் மிக்கவர், பொறுமைசாலி. காலப்போக்கில் இராமனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளை எழுதும் அளவுக்கு அவர் உயர்ந்தார். பட்டம் இல்லாதவருக்கும் ஆய்வகத்தில் இடம் உண்டு என்பதற்கு அவர் வாழ்வும் ஒரு சான்று.

1917இல் கல்கத்தா பல்கலைக்கழகம் புதிதாக ஏற்படுத்திய பாலித் பேராசிரியர் பதவி இராமனுக்கு வழங்கப்பட்டது. அதை ஏற்றால் சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அவர் அரசுப் பதவியை விட்டுவிட்டுப் பேராசிரியரானார். பத்து ஆண்டுகள் பகுதி நேரமாகச் செய்ததை இனி முழு நேரமும் செய்யலாம் என்பதே அவருக்குப் பெரிய ஊதியமாகத் தோன்றியது.

மிருதங்கத்தின் கரிய வட்டம்

ஒளியால் புகழ்பெற்ற இராமன், முதலில் நெடுங்காலம் ஆராய்ந்தது ஒலியை. வயலின், வீணை, தம்புரா ஆகியவற்றின் தந்திகள் எப்படி அதிர்கின்றன என்று அளந்தார். அதன் பிறகு மிருதங்கத்துக்கும் தபேலாவுக்கும் வந்தார். இங்கே நம் மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையும், அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வாழ்ந்த ஊர் நம் புதுக்கோட்டை. தாள இசையில் புதுக்கோட்டை வழி என்றே தனி மரபு உண்டு.

ஒரே தடிப்புள்ள தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் ஓசை எழும். ஆனால் அந்த ஓசையில் கலந்திருக்கும் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று பொருந்தா. வீணைத் தந்தியில் அடிப்படை ஒலியைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று துணையொலிகள் ஒழுங்காக அமைகின்றன. வெறும் தோலில் அப்படி அமைவதில்லை. ஆகவே அதற்குச் சுருதி நிற்காது. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலைக்குச் சுருதி சேர்க்கிறார்களே, அது எப்படி? இராமனின் கேள்வி இதுதான்.

விடை அந்தக் கரிய வட்டத்தில் இருந்தது. கல்தூளைச் சோற்றோடு பிசைந்து, தோலின் நடுவில் படலம் படலமாகத் தேய்த்து, நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் அதை ஏற்றுகிறார்கள். இராமன் அந்தத் தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி அதிரச் செய்தார். எந்த இடம் அதிர்கிறதோ அங்கிருந்து மணல் விலகி, அதிராத இடங்களில் கோடுகளாகச் சேர்ந்தது. அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆராய்ந்தபோது உண்மை தெளிவானது. கரிய வட்டத்தின் எடை, தோலின் பல்வேறு அதிர்வுகளையும் ஒழுங்குபடுத்தி, தந்தியில் உள்ளதுபோல் ஐந்து துணையொலிகளுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து இதைச் சுருக்கமாக வெளியிட்டார். 1934இல் விரிவாக எழுதினார்.

இதில் நம்மைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. எந்தக் கணக்கும் எழுதாமல், காதையும் கையையும் மட்டும் நம்பி, தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து இந்தக் கலையைக் கண்டுபிடித்தவர்கள் தோல் கருவி செய்த கைவினைஞர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. உலகப் புகழ்பெற்ற அறிவியலார் அவர்களுடைய கைவேலையின்முன் மாணவரைப்போல் அமர்ந்து கற்றுக்கொண்டார். இயற்கையை அறியும் ஆர்வம் படித்தவர்க்கு மட்டுமே உரிய சொத்து அன்று.

கடல் ஏன் நீலம்?

1921இல் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தைப் பார்க்கச் சென்றபோதும் அவருடைய கேள்வி அவரோடு சென்றது. அந்த மாடத்தின் ஒரு புறச் சுவரருகே மெல்லப் பேசினால், மறுபுறச் சுவரருகே நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். சுற்றுலா வருவோர் வியந்துவிட்டுப் போகும் இடம் அது. இராமன் அங்கேயே சோதனைகள் செய்து கட்டுரை எழுதினார்.

அவ்வாண்டு செப்டம்பரில் நார்குண்டா என்ற கப்பலில் நாடு திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலத்துக்குக் காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று ரேலி பிரபு ஏற்கெனவே விளக்கியிருந்தார். கடலின் நீலமோ வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்று அவர் சொல்லியிருந்தார். ரேலி உலகமே மதித்த அறிஞர். இராமனும் பெரிதும் மதித்தவர். ஆயினும் இராமன் தம் பையில் நிகோல் பட்டகம் என்னும் சிறு கருவியை வைத்திருந்தார். நீரின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அதைக் கொண்டு மறைத்துவிடலாம். கப்பல் தளத்தில் நின்று அப்படி மறைத்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு நீங்கியது. கடலின் நீலம் நீங்கவில்லை. முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது!

அப்படியானால் நீலம் நீரிலிருந்தே வருகிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோதே இதைப் பற்றிய கடிதம் இங்கிலாந்தின் நேச்சர் இதழுக்கு ஆயத்தமாக இருந்தது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே முக்கியக் காரணம் என்று இராமன் கருதினார். நீர் சிவப்பு ஒளியைச் சிறிதளவு உறிஞ்சிக் கொள்வதும் இந்த நீலத்துக்குப் பெரும் காரணம் என்பதை இன்று நாம் அறிந்திருக்கிறோம். அறிவியலில் பெரியோரின் சொல்லும் மீண்டும் சோதிக்கப்படுகிறது; ரேலியின் சொல்லுக்கு நேர்ந்ததுதான் இராமனின் சொல்லுக்கும் நேர்ந்தது. அதில் யாருக்கும் இழிவு இல்லை.

நம் மாவட்டத்துக்கும் கடல் உண்டு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரையோர நீர் ஆழமற்றது. சேறு கலங்கிப் பச்சையாகவும் பழுப்பாகவும் தோன்றும். ஆழ்கடல் சென்று வரும் மீனவச் சகோதரர்கள் நிறம் மாறுவதைக் கண்ணால் கண்டவர்கள். நிறத்தைக் கொண்டே ஆழத்தையும் அடிமண்ணையும் கணிப்பவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை, கடல் ஏன் இங்கே ஒரு நிறம், அங்கே ஒரு நிறம் என்று கேட்டால், அது இராமன் கேட்ட அதே குடும்பத்துக் கேள்விதான்.

அழுக்கா, செய்தியா?

கல்கத்தா திரும்பிய இராமன் தம் மாணவர்களுடன் ஒளிச்சிதறலை ஆராயத் தொடங்கினார். நீர், பனிக்கட்டி, பல்வேறு நீர்மங்கள், வாயுக்கள், படிகங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. 1923இல் கே. ஆர். இராமநாதன் என்ற மாணவர் விந்தையான ஒன்றைக் கவனித்தார். ஒரு நிற ஒளியை மட்டும் நீர்மத்துக்குள் செலுத்தினால், வெளிவரும் ஒளியும் அதே நிறத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் வேறு நிறத்தில் மிக மெல்லிய ஒரு சுவடு தெரிந்தது.

இப்படிப்பட்ட சுவடு தெரிந்தால் யாரும் முதலில் நினைப்பது, நீர்மத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்பதே. அவர்களும் அப்படித்தான் ஐயுற்றார்கள். ஆகவே நீர்மத்தைக் காற்றில்லாக் கலத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூய்மைப்படுத்தினார்கள். சுவடு மறையவில்லை. பின்னர் கே. எஸ். கிருஷ்ணனும் பல நீர்மங்களில் அதையே கண்டார். ஆண்டுகள் சென்றன. 1928 தொடக்கத்தில், வேறிடத்தில் பணிபுரிந்துகொண்டே ஓய்வு நேரத்தில் இங்கே ஆய்வு செய்த வேங்கடேசுவரன் என்பவர், தூய கிளிசரினில் அந்தச் சுவடு இன்னும் தெளிவாக இருப்பதைக் கண்டார். அதன் அதிர்வு ஒரு தளத்தில் ஒழுங்குபட்டும் இருந்தது. அழுக்கினால் வரும் ஒளிர்வு அப்படி இராது.

இராமனுக்கு இப்போது வழி தெளிவானது. கிருஷ்ணனோடு இரவு பகல் பாராமல் உழைத்தார். அவர்கள் பயன்படுத்தியவை என்ன? கதிரவன் ஒளி, அதைக் குவிக்க ஒரு தொலைநோக்கியின் பெரிய வில்லை, நிறங்களைப் பிரிக்கும் வடிகட்டிக் கண்ணாடிகள், தூய நீர்மம் நிரம்பிய குப்பிகள், இருளில் பழகிய கண்கள். கருவிகளின் விலை சில நூறு ரூபாய்தான். ஏறக்குறைய 60 நீர்மங்களைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அதே விளைவு. 1928 பிப்ரவரி 28 அன்று நிறமாலைநோக்கியின் வழியே பார்த்தபோது, பழைய நிறமும் புதிய நிறமும் இடையே இருள் விட்டுத் தனித்தனியாக நின்றன. பிறகு பாதரச விளக்கைக் கொண்டு பார்த்தபோது கூர்மையான புதிய கோடுகள் தெரிந்தன.

இந்த விளைவை எளிமையாக இப்படிச் சொல்லலாம். மூலக்கூறு என்பது சும்மா இருக்கும் பொருள் அன்று. எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை அது நிறம் மாறாமலேயே சிதறடிக்கிறது. மிகமிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்துவிட்டோ, அதனிடமிருந்து பெற்றுக்கொண்டோ வேறு நிறத்தோடு வெளிவருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நாதம் இருப்பதுபோல, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனக்கே உரிய அதிர்வுகள் உண்டு. ஆகவே வெளிவரும் ஒளியைப் பார்த்தே இது இன்ன பொருள் என்று சொல்லிவிடலாம்.

அதே நாள்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் என்னும் அறிவியலாரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டார்கள். ஆனால் இராமன் காலம் தாழ்த்தாமல் உலகுக்கு அறிவித்துவிட்டார். 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. இன்று மருந்து மாத்திரை உண்மையானதா, போலியானதா என்று பார்க்கவும், இரத்தினக் கற்களைச் சோதிக்கவும் இராமன் விளைவு பயன்படுகிறது. 2021இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் அங்குள்ள பாறைகளை ஆராய இதே முறையில் இயங்கும் கருவிகளைக் கொண்டு சென்றது. அந்த ஊர்தியின் பெயருக்கு விடாமுயற்சி என்று பொருள். இராமனுக்கும் பொருத்தமான பெயர்தான்!

குறைகளும் உண்டு

பெரியோரின் வாழ்வைச் சொல்லும்போது நாம் அவர்களைக் குறையற்றவர்களாகக் காட்டிவிடுகிறோம். அதனால் பிள்ளைகள் அவர்களைத் தொழுவார்கள், பின்பற்ற மாட்டார்கள். இராமனிடமும் குறைகள் இருந்தன. சினம் மிக்கவர், சக அறிவியலாரோடு கடுமையாக மோதினார். இராமன் விளைவில் கிருஷ்ணனின் பங்கு போதிய அளவு போற்றப்படவில்லை என்று வருந்துவோர் உண்டு.

1933இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அக்காலத்தில் கமலா என்ற இளம்பெண், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறி, அங்கே ஆய்வு செய்ய இடம் கேட்டார். பெண் என்பதால் இராமன் மறுத்தார். கமலா விலகிச் செல்லவில்லை. இறுதியில் ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்க்கப்பட்டார். அவருடைய உழைப்பைக் கண்டு இராமன் தம் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கமலா சொஹோனி பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் அன்னா மணி இராமனிடம் வைரங்களைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு நம் நாட்டின் வானிலை ஆய்வுக் கருவிகளை உருவாக்கியதில் பெரும்பங்கு ஆற்றினார். கடலின் நிறத்தில் பெரியோர் சொன்னதை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்த்த அதே இராமன், பெண்களைப் பற்றி ஊர் சொன்னதைச் சோதிக்காமல் ஏற்றிருந்தார். எவ்வளவு கற்றவருக்கும் சோதித்துப் பார்க்காத மூலை ஒன்று மனத்தில் இருந்துவிடுகிறது. நமக்கும்தான்.

கடைசி வரை

1948இல் ஓய்வு பெற்றபின் பெங்களூரில் தாமே நிறுவிய ஆய்வு நிலையத்தில் இராமன் பணியைத் தொடர்ந்தார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். வைரங்கள், கிளிஞ்சல்கள், வண்ணத்துப் பூச்சிகள், பூக்கள் என்று நிறமுள்ள எல்லாமே அவரை ஈர்த்தன. 70 வயதைத் தாண்டியபின் தோட்டத்து ரோஜாக்களின் நிறத்தை நிறமாலைநோக்கியால் ஆராய்ந்தார்; மனிதக் கண் நிறங்களை எப்படிக் காண்கிறது என்பதைப் பற்றி 1968இல் ஒரு நூலும் வெளியிட்டார். அம்முடிவுகளில் சிலவற்றைப் பிறர் ஏற்கவில்லை. ஆனால் எண்பது வயதிலும் ஒரு பூவின்முன் கேள்வியோடு நிற்க அவரால் முடிந்தது. 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார். அந்த ஆய்வு நிலையத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அங்கே நினைவுச் சின்னமாக எழுந்தது ஒரு மரம்.

நம் வீடுகளில்

அன்பர்களே, இராமன் நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர்; அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஆனால் படைப்பைக் கூர்ந்து பார்ப்பதும், உண்மைக்குப் பணிவதும் எல்லாருக்கும் பொதுவான கடமை. கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். படைப்பைப் பற்றிய நேர்மையான கேள்வி படைத்தவரை ஒருபோதும் சிறுமைப்படுத்தாது.

வியப்பு எல்லாப் பிள்ளைக்கும் இயல்பாகவே வருகிறது. மழைக்குமுன் எறும்பு ஏன் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, செம்மண் ஏன் சிவப்பு, குளத்து நீர் கோடையில் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? போய்ப் பாடத்தைப் படி என்கிறோம். பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் அவர்களுக்குக் கேட்கும் பழக்கமே நின்றுவிடுகிறது. நன்றாக ஒப்பிப்பவர்களாக மட்டும் மாறிவிடுகிறார்கள். இந்த இழப்பு எந்த மதிப்பெண் பட்டியலிலும் தெரிவதில்லை.

ஆனால் கேட்டுவிட்டால் மட்டும் போதாது என்பதையும் இராமனின் வாழ்வு சொல்கிறது. கடலைப் பார்த்து வியந்தவர்கள் எண்ணற்றோர். 1921 முதல் 1928 வரை அந்த ஒரே வியப்போடு நாள்தோறும் ஆய்வகத்துக்கு வந்தவர்கள் சிலரே. அவர்களும் தெரிந்ததை உடனே வெற்றி என்று கொண்டாடவில்லை. அழுக்கு என்று தள்ளிவிடவும் இல்லை. தூய்மைப்படுத்திவிட்டு மீண்டும் பார்த்தார்கள். வதந்தியைக் கேட்ட மறுகணமே பரப்பிவிடும் நம் காலத்துக்கு இந்தப் பொறுமை மிகவும் தேவை.

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டருகே உள்ள குளத்தின் நீர்மட்டத்தை வாரம் ஒரு முறை குச்சி வைத்து அளந்து எழுதும் பிள்ளை, ஓராண்டு முடிவில் அந்தக் குளத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்றை அறிந்திருக்கும். வேப்பமரம் எந்த நாளில் பூக்கிறது, எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று ஆண்டுதோறும் குறித்து வைக்கலாம். பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது, அந்த நோட்டை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, அடுத்து என்ன பார்க்கப் போகிறாய் என்று கேட்பது மட்டுமே. பெண் பிள்ளையின் நோட்டையும் அதே அக்கறையோடு எடுத்துப் பார்ப்போம்.

அடுத்த பிப்ரவரி 28 அன்று பள்ளிக் கண்காட்சிக்குச் செல்லும்போது, மாதிரி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், இதில் உனக்கு இன்னும் விளங்காதது எது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பார்ப்போம். விளங்காததைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை மனமாரப் பாராட்டுவோம். அந்தக் கேள்வியோடு அது நெடுநாள் நடக்கத் துணை நிற்போம்.